மலையேறிய தீர்த்தம்மாள்

கம்பைநல்லூர்ப் பக்கத்தில் சாமந்தி பயிரிடும் தீர்த்தம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. எதற்கும் அசராத மனுஷி. பாம்பு வந்தால் தடியெடுப்பாள். பூ வியாபாரி விலையைக் குறைத்தால் ஒரு வழி பண்ணிவிடுவாள். ஆனால் பஸ்ஸிலோ பைக்கின் பின்னாலோ ஏறி உட்கார்ந்தால் போச்சு, குடலே வாய்க்கு வந்துவிடும்.

பிறந்த வீடோ வத்தல்மலை உச்சியில். போகிற வழி முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகைக்குத் தம்பி சென்றாயன் தவறாமல் அழைப்பான். இவளும் போவாள். போய்ச் சேர்ந்ததும் சுருண்டு படுத்தால் மறுநாள் காலையில்தான் எழுவாள். எழுந்து நாலு பேரோடு பேச உட்கார்ந்தால் திரும்புகிற நேரம் வந்துவிடும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் பிறந்த வீட்டுப் பண்டிகைச் சோற்றைச் சூடாகத் தின்றதே கிடையாது. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல!

இந்தச் சித்திரையில் அருள்குமார் வாத்தியார் தன் பழைய வெள்ளைக் காரை விற்கப்போவதாகக் காதில் விழுந்தது. "ஏங்க, நாம வாங்கிக்கலாமா?" என்று புருஷன் மாதுவிடம் கேட்டாள்.

மாது விழுந்து விழுந்து சிரித்தார். "ஏ புள்ள, டவுன் பஸ்ஸுல உனக்கு டிக்கெட்டே கெடையாது. சும்மா போற பொம்பளைக்குக் காரு எதுக்கு?"

"சும்மா ஏத்தறாங்க. வாந்தி இல்லாம எறக்கறாங்களா?"

அவர் விரல் மடக்கத் தொடங்கிவிட்டார். "இன்சூரன்சு, டயரு, பெட்ரோலு. தெருவுல எவனுக்கு வயித்து வலின்னாலும் நம்ம கதவத்தான் தட்டுவான். அத்தனையும் போகட்டும், போன வருசம் வாடகைக் கார்லயும்தான் வாந்தி எடுத்த. சொந்தக் காருன்னா மட்டும் அடங்கிருமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் சும்மா விடுகிற ஆளா அவள்? மறு வாரமே தருமபுரியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள்.

முதல் நாள் இடுப்பில் மூன்று பிளாஸ்டிக் பைகளைச் செருகிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுத்த பிரியதர்ஷினி, "பை எதுக்குங்க அக்கா?" என்று சிரித்தாள். அரை மணி நேரம் கிளட்ச், பிரேக், எதிரே லாரி, குறுக்கே ஆடு. வயிறு மூச்சே விடவில்லை! பைகள் மூன்றும் மடிப்புக் கலையாமல் இருந்தன. திரும்பி வருகிற பஸ்ஸில் இரண்டு தீர்ந்தன.

"ஸ்டியரிங்கு என் கையில இருந்தா வயிறு அடங்குதுங்க!" என்று வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினாள்.

மாது நம்பவில்லை. "தருமபுரி ரோடு சமமா கெடக்குது. மலையேறிக் காட்டு, வாங்கிப்புடலாம்."

லைசென்ஸ் வந்தது. ஆடியும் வந்தது. "ஒரு நாள் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று வாத்தியார் சாவியைக் கொடுத்தார், தங்கமான மனுஷன். எப்போதும் மலைக்குப் பைக்கில் போகிற மாது, அன்றைக்குப் பக்கத்து சீட்டில் ஏறினார்.

முதல் வளைவிலேயே வண்டி நின்று ஒரு சாண் பின்னால் போனது. "அய்யய்யோ!" என்று மாது கதவைப் பிடித்தார். அவளோ பல்லைக் கடித்துக்கொண்டு ஃபர்ஸ்ட் கியர் போட்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்து ஏறினாள். பத்தாவது வளைவு தாண்டியதும் கேலி பேசவே தொடங்கிவிட்டாள். மாது கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டினார்.

"நிறுத்து புள்ள," என்றார் திடீரென்று. கதவைத் திறந்து ஓரமாக ஓடினார். பிறகு வந்த சத்தத்தைத் தீர்த்தம்மாள் நன்றாக அறிவாள். பாவமாகத்தான் இருந்தது. சிரிப்பை அடக்கத்தான் முடியவில்லை.

மேலே சென்றாயன் ஓடி வந்தான். "வாக்கா, உள்ள வந்து படுத்துக்க."

"உங்க மாமாவைப் படுக்க வை. எனக்குப் பசிக்குது, எலையப் போடு!"

ஆவி பறக்கச் சோறும் கறிக்குழம்பும் வந்தன. கை சுட்டது, நாக்கும் சுட்டது. இத்தனை வருடமும் இதையா விட்டோம் என்று கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. "காரமாக்கா?" என்று தம்பி பதறினான். "இல்லடா, சந்தோசம்," என்றாள்.

உள்ளேயிருந்து மாதுவின் குரல் ஈனமாக வந்தது. "புள்ள, வாத்தியாருக்குப் போன் போடு. காரு நமக்குத்தான்னு சொல்லு. ஆனா எறங்கறப்ப நான்தான் ஓட்டுவேன்."

"அதுக்குக் காரு லைசென்சு வேணுங்க," என்றாள் தீர்த்தம்மாள், வாய் நிறையச் சோற்றோடு.