ஹசிந்தாவின் இரண்டு மணி நேரம்

நீச்சல்குளத்து வாசலில் டிக்கெட் கிழிப்பதுதான் ஹசிந்தாவின் உத்தியோகம். ஊரில் யாரைக் கேட்டாலும் அவள் வயிறு பார்ப்பவள் என்பார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாமல் தண்ணீரில் இறங்கினால் செரிமானம் பாதியில் அறுந்து ஆள் போய்ச் சேர்ந்துவிடும். ஸ்பெயினில் எந்தத் தாயும் இதைச் சொல்லாமல் பிள்ளை வளர்த்ததில்லை. பதஹோஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிற்றூரில் இதற்குக் காவல் ஹசிந்தா.

குளம் வெட்டிய கோடையிலிருந்து அதே வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள். பருப்புக் குழம்பு என்றால் இரண்டரை மணி நேரம். குளிர்ந்த தக்காளி சூப் என்றால் ஒன்றரை. தர்பூசணி விஷயத்தில் மட்டும் அவளுக்கும் பாதிரியாருக்கும் ஒத்துப்போகவில்லை. பாதிரியார் மாற்றலாகிப் போனதும் அவள் பேச்சே நிலைத்தது. பொய் சொல்வதாகப் பட்டால் வாயை ஊதச் சொல்வாள். கல்யாணமான முதல் வருஷம் சொந்தப் புருஷனையே, பன்றித் தொத்திறைச்சி வாசனை அடிக்கிறதென்று வாசலில் உட்கார வைத்தாள். அவர் கடைசிவரை நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை.

மதியம் மூன்று மணிக்குப் பெற்றோர்கள் பிள்ளைகளை அவள் பக்கத்து மரநிழலில் விட்டுவிட்டுப் போவார்கள். காத்திருக்கும் பிள்ளை ஓடக் கூடாது, கத்தவும் கூடாது. அதுவும் செரிமானத்துக்கு ஆகாது. சந்தேகப்படுகிறவர்களுக்கு அவள் தன் மாமா பெர்மினின் கதையைச் சொல்வாள். கொண்டைக்கடலைக் குழம்பு சாப்பிட்ட கையோடு ஆற்றில் குதித்தவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்களாம்.

அந்த ஜூலையில் நார்வேயிலிருந்து இங்வில்டு என்ற பெண், நாலு வயது மகன் ஐரிக்கோடு கோடையைக் கழிக்க வந்து, மருந்துக்கடைக்காரரின் மாடியில் குடியேறினாள். ஸ்பானிய மொழி ஓரளவு பேசுவாள். ஐரிக் ஓயாமல் தின்பான். கையில் வாழைப்பழம் இல்லையென்றால் பிஸ்கட் இருக்கும், பிஸ்கட் இல்லையென்றால் அவித்த முட்டை. ஹசிந்தா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவள் சட்டப்படி இந்தப் பையன் ஜென்மத்துக்கும் தண்ணீரில் இறங்க முடியாது.

முதல் நாள் அவள் தடுத்தபோது இங்வில்டு அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள். அதற்குள் ஐரிக் பாதிப் பழத்தோடு குளத்தில் இருந்தான். நிழலில் கிடந்த பிள்ளைகள் எழுந்து வந்தார்கள். ரொட்டிக்கடை எலாதியோவின் மகள் நியெவெஸ், நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துத் துண்டை விரித்து உட்கார்ந்தாள்.

"அத்தை, எப்ப சாவான்?"

"பொறுடி" என்றாள் ஹசிந்தா.

அவன் சாகவில்லை. மேலே வந்து ஒரு முட்டையைத் தின்றுவிட்டு மறுபடியும் குதித்தான். அடுத்த நாளும் அதேதான். பிள்ளை செத்துப்போக வேண்டுமென்று ஹசிந்தா நினைக்கவில்லை. லேசாக ஒரு வயிற்றுவலி வந்தால் போதும். அதற்காக மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றினாள். பையன் இன்னும் கொழுத்தான்.

பிள்ளைகள் விளக்கம் கேட்டார்கள். பனியில் பிறந்த வயிறு, அது வேறு மாதிரி என்று சொல்லிவைத்தாள். சொன்னது தப்பாகப் போயிற்று. மறுநாள் வாசலில் நியெவெஸ் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எங்க தாத்தா ஜெர்மனியில பன்னண்டு வருஷம் வேலை பார்த்தாரு. எனக்குக் கால்வாசி பனி வயிறு. அரை மணி போதும்."

தானே சொன்ன நியாயம். ஹசிந்தா அவளை உள்ளே விட்டாள். அவ்வளவுதான். பிழைப்புக்கு வெளிநாடு போகாத குடும்பம் அந்த ஊரில் ஏது? ஒருவனுக்குப் பிரான்ஸில் பெரியப்பா. இன்னொருவனின் ஞானத்தாய் சூரிச்சில் வீடு கூட்டியவள். வாரம் முடிவதற்குள் நிழலில் ஒரு பிள்ளை மிச்சமில்லை. வாசலில் ஹசிந்தா வெறுமனே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், பிள்ளைகள் ஓடிக்கொண்டே பதில் சொன்னார்கள்.

தண்ணீரில் பிள்ளை இருந்தால் கரையில் பெரியவர் இருக்க வேண்டும் என்பது குளத்தின் விதி. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற நேரத்தில் அப்பா அம்மாமார்கள் வெயிலில் உட்கார்ந்து பிள்ளை பார்த்தார்கள். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டுகிற எலாதியோ தூக்கக் கலக்கத்தில் மாவில் இரண்டு தடவை உப்பைப் போட்டார். அந்த ரொட்டியைத் தின்ற அன்று மாலை, வீங்கிய கண்களோடு ஒரு கூட்டம் ஹசிந்தாவின் முன்னால் வந்து நின்றது.

அந்த வெளிநாட்டுக்காரியிடம் பேசி எப்படியாவது பழையபடி ஆக்கவேண்டும் என்றார்கள். செரிமானத்தைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அதுதான் ஹசிந்தாவைச் சுட்டது.

"அப்ப நீங்க யாரும் நம்பவே இல்லையா? எங்க பெர்மின் மாமா செத்தது?"

எலாதியோ தரையைப் பார்த்தார். "அன்னைக்கு அவரு ஒரு ஜாடி ஒயினும் குடிச்சிருந்தாரு, அக்கா. ஊருக்கே தெரியும்."

ஹசிந்தா டிக்கெட் கட்டை மூடி வைத்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

குளக்கரையில் இங்வில்டு ஒரு காலைத் தண்ணீரில் விட்டபடி தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். ஐரிக் கூப்பிடும்போதெல்லாம் திடுக்கிட்டு விழித்துக் கை தட்டினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். பிள்ளை பிறந்ததிலிருந்தே சேர்ந்த கருவளையம் மாதிரி இருந்தது. பயமுறுத்தத்தான் ஹசிந்தா வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்ததும் வாயில் வேறு வந்தது.

"பாரும்மா, உன் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஆகும்னு சொன்னா ரெண்டு மணி நேரம் அவன் மரத்தடியில சத்தமில்லாம கிடப்பான். நான் பார்த்துக்குவேன்."

"அப்ப நான்?"

"தூங்குவே."

"தினமுமா?" என்றாள் இங்வில்டு.

"ஞாயிற்றுக்கிழமை உள்பட."

இங்வில்டு மகனைத் தண்ணீரிலிருந்து தூக்கி, தங்கள் பாஷையில் நெடுநேரம் ஏதோ சொன்னாள். பையன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். அதற்குமேல் அசையவில்லை. நிழலுக்குப் போய்த் தலை சாய்த்த இங்வில்டை, குளத்தை மூடும்போது இரண்டு பேர் சேர்ந்து எழுப்ப வேண்டியிருந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு வாசலில் வரிசை நின்றது. முதலில் இங்வில்டு. ஐரிக்கின் மோவாயில் தயிர் காய்ந்திருந்தது.

"என்ன சாப்பிட்டான்?" என்றாள் ஹசிந்தா.

இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்கு எல்லாரும் குறைத்துத்தான் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

"பருப்புக் குழம்பு" என்றாள் இங்வில்டு. "பன்றிக் கொழுப்புப் போட்டது. ரெண்டு தட்டு."

ஹசிந்தா தயிரைப் பார்த்தாள். வாயை ஊதச் சொல்லவில்லை. "மூணு மணி நேரம்" என்றாள்.

அடுத்து நின்ற நியெவெஸ் வாயைத் திறப்பதற்குள் எலாதியோ முந்திக்கொண்டார்.

"எங்க வீட்டுலயும் அதேதான்."