தென் லண்டன் கெட்டிமேளம்

“ஏச்சுத்தான். தாளத்தோட ஏசுறான்.” என் தொழிலைப் பற்றி அப்பா வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்த விளக்கம் இதுதான்.

நான் ஹிப்-ஹொப் செய்பவன். இசையையும் நானே அமைப்பேன், வரிகளையும் நானே எழுதி யாழ்ப்பாணத் தமிழில் ராப் செய்வேன். தொண்ணூறுகளின் நடுவில் தென் லண்டனில் அதைக் கேட்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஒரு ரெக்கோர்ட் கம்பனிக்காரர் என் கசெட்டைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் சித்தார் சேர்த்தால் யோசிக்கலாம் என்றார். எங்கள் பரம்பரையில் சித்தாரைத் தொட்டவர் எவரும் இல்லை, எங்களுக்குத் தவில்தான் என்று சொல்லிக் கசெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.

விம்பிள்டன் வீட்டுக்கு வந்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு கலியாண வீடியோவைப் போட்டு, தாலி கட்டும்போது தவில்கள் ஒன்றாய் முழங்கும் கெட்டிமேளத்தைச் சாம்ப்ளரில் பிடித்தேன். எந்தச் சத்தத்தையும் விழுங்கி வைத்து, விரலால் தட்டினால் திருப்பித் தரும் பெட்டி அது. மேளத்துக்கு அடியில் நெஞ்சை இடிக்கிற டிரம் ஒன்றைக் கோர்த்தேன். கீழே குசினியில் கோப்பைகள் கிலுங்கின. எனக்கு ஒரே பெருமை.

பிறகு தங்கச்சியின் கலியாணம் வந்தது. அண்ணை ஒரு பாட்டாவது செய்யவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

“சாப்பிட்டுச் சனம் போனாப் பிறகு செய்யட்டும்,” என்றார் அப்பா. ஆள் இல்லாத கதிரைகளுக்குப் பாடச் சொல்கிறார். சரி, பார்ப்போம் என்று பெட்டியையும் ஸ்பீக்கர்களையும் மண்டபத்து மூலையில் கொண்டுபோய் வைத்தேன்.

அன்றைக்கு மேளகாரரின் வான் பழுதாகி மோட்டர்வேயில் நின்றுவிட்டது. முகூர்த்தம் முடியப் போகிறது. ஐயர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். தாலி கட்டும் நேரம் தும்மலோ கெட்ட வார்த்தையோ காதில் விழாமல் அமுக்குவதற்குத்தான் கெட்டிமேளம். அது இல்லாமல் தாலி ஏறினால் சனம் ஆயுளுக்கும் கதைக்கும். வீட்டிலிருந்து ஒரு நாதஸ்வரக் கசெட் கொண்டுவர ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அப்பா என் மூலைக்கு வந்தார்.

“உந்தப் பெட்டிக்குள்ள கெட்டிமேளம் இருக்கெண்டு தங்கச்சி சொல்லுறாள்.”

“ஓம்.”

“அந்த இடி இல்லாமப் போட ஏலுமே?”

“ஏலும். போட மாட்டன்.”

அப்பாவின் முகம் கறுத்தது. தங்கச்சியின் தாலியில் விளையாடுகிறேனோ என்று பயந்தேன். ஆனாலும் என் சத்தத்தின் காலை வெட்டிவிட்டுச் சபைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மணவறையில் இருந்து தங்கச்சியின் குரல் வந்தது. “அப்பா, அண்ணையை விடுங்கோ. அவர் போடுறபடி போடட்டும். நேரம் போகுது.”

ஐயர் கையைக் காட்டினார். தட்டினேன். யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. சனம் திடுக்கிட்டது, ஆனால் பழகிய கைகள் தாமாக அறுகரிசியை மணமக்கள் மேல் எறிந்தன. தாலி ஏறியது. யாராவது தும்மியிருந்தால் அவருக்கே கேட்டிருக்காது.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் பாடினேன். பாதிச் சனம் இருந்தது. அதிலும் பாதி என்னை ஏசியது. ஏசட்டும், கதிரைகள் ஏசாது.

கலியாண வீடியோ டொராண்டோவில் இருக்கும் மாமிக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ அப்பாவுக்கு ஃபோன் எடுத்தா. மாமியின் குரல், ரிசீவர் இல்லாமலே கேட்கும்.

“மேளம் ஆரடா? என்னமா இடிக்குது.”

“அது ஊரில இருந்து எடுப்பிச்ச ஆக்கள், அக்கா,” என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கினேன். “அடிச்சது நான்தான், மாமி. உங்கட மூத்தவன்ர கலியாணத்துக்கும் வேணுமெண்டால் வாறன். ஆனா இடியோடதான் வருவன்.”

“அப்ப, நாள் வைக்கேக்க சொல்லுறன்,” என்றா மாமி.

என் முதல் வெளிநாட்டு நிகழ்ச்சி அதுதான்.