ஏழு வீடுகளுக்குப் போன சுரைக்காய்

ஓகஸ்ட் விடுமுறைக்குப் பாடசாலை மூடிய கிழமை எங்கள் வீட்டு வளவில் செடிகொடிகளால் கால் வைக்க இடமில்லை. கடலுக்குக் கிட்ட உள்ள வெறும் மணல் நிலம் அது. சம்மாந்துறையிலிருந்து வயல் மண்ணும் மாட்டெருவும் உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்து கொட்டி, மீன் கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் ஊற்றி, நாலைந்து வருடமாக நான் ஆளாக்கிய மண். அந்த வெயிலில் அக்கம்பக்கத்துச் செடிகளெல்லாம் வாடிக் கிடந்தன. என் வளவில் கத்தரி குலை குலையாகத் தொங்கியது. பயற்றங்காய்கள் பந்தலிலிருந்து நீண்டு தலையில் இடித்தன. மதில் ஓரம் முழுக்கச் சீனியாப் பூக்கள், சிவப்பும் மஞ்சளும் ரோசாவுமாக. படலையைத் திறந்தால் மல்லிகை மணத்துக்கு ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

அவற்றுக்கு நடுவே யாரும் நடாத ஒரு சுரைக்கொடி. கிணற்றடிக் குப்பைக் குழியில் தானாக முளைத்து, ஜாம் மரத்தில் ஏறி, குளியலறைக் கூரையை மூடிவிட்டது. வெளிறிய பச்சையில், மெல்லிய மயிர் படர்ந்து, கை நீளத்துக்குக் காய்கள். நான் விவசாயப் பாட ஆசிரியை. இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பயிர்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறவள். பராமரிப்பே இல்லாமல் இப்படிக் காய்க்கிறதே என்று பெருமையோடு படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன்.

என் கணவருக்குச் சுரைக்காய் ஆகாது. அதனால் எங்கள் வீட்டில் அதைச் சமைப்பதில்லை. முதலில் நான்கு வீடுகளுக்குக் கொடுத்தேன். கல்முனையில் இருக்கும் என் தோழிக்கு ஒன்று. அவர் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர், எங்கள் பாடசாலையில் பத்து வருடம் என்னோடு படிப்பித்தவர். அன்றைக்கு மாலையே, “நல்ல ருசி டீச்சர், கூனி இறால் போட்டுச் சமைச்சன்” என்று செய்தி அனுப்பினார். மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த உற்சாகத்தில் அடுத்த கிழமை அவர்களில் சிலரையும் சேர்த்து ஏழு வீடுகளுக்குக் கொடுத்தேன். இருந்ததில் பெரிய காயைப் பக்கத்து வீட்டில் இருக்கும் என் கூடப்பிறந்த ராத்தாவுக்கு எடுத்துவைத்தேன். அவர் கொழும்பில் மகன் வீட்டில் நின்றுவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார்.

மறுநாள் காலை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ராத்தாவின் மகள் கத்தினாள்.

“சாச்சி! ஓடி வாங்க சாச்சி! உம்மா ரெத்தமா சத்தி எடுக்கிறா!”

குழாயைப் போட்டுவிட்டு ஓடினேன். ராத்தா குசினி நிலத்தில் அடுப்படிச் சுவரோடு சாய்ந்து கிடந்தார். முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. வாந்தி எடுத்த இரத்தத்தில் சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. நான் அதுவரை என் ராத்தாவை நோயில் படுத்திருந்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை. “ராத்தா, ராத்தா” என்று கூப்பிட்டபடி அவரைத் தாங்கிப் பிடித்தேன். அவருடைய மகள்தான் ஓட்டோவைக் கூப்பிட்டாள். நான் ஈரக் காலோடு, தோட்டத்து உடுப்போடு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றியபடியே ஓர் இளம் பெண் டொக்டர் விசாரித்தார்.

“காலையில என்ன சாப்பிட்டவங்க?”

“ஒண்டும் சாப்பிடல்ல டொக்டர்,” என்றாள் மகள். “வெறும் வயித்துல சுரக்காச் சாறு குடிச்சா. சீனி வருத்தத்துக்கு நல்லம் எண்டு ஃபோன்ல பாத்தாவாம். பச்சையா பிளெண்டர்ல அடிச்சி ஒரு கிளாஸ்.”

டொக்டரின் கை நின்றது. ராத்தாவின் பக்கம் குனிந்தார்.

“அம்மா, அந்தச் சாறு கசந்ததா?”

ராத்தா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “கசப்புத்தான். மருந்தெண்டா கசக்கும்தானே... கண்ண மூடிட்டுக் குடிச்சிட்டன்.”

டொக்டர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். “சுரைக்காய் சிலவேளை கசந்து வரும். கடும் வெயில்ல, தானா முளைச்ச கொடியில அது கூடுதலா நடக்கும். அந்தக் கசப்புத்தான் நஞ்சு. சமைச்சாலும் போகாது. எந்தக் கடையில வாங்கினது?”

“கடையில இல்ல,” என்றேன். “என்ட வளவுல காய்ச்சது.”

உள்ளே கிடப்பது என் ராத்தா. ஆனால் அந்த நிமிடம் என் கண்ணுக்கு முன் நின்றது மற்ற ஆறு காய்கள்.

தொலைபேசியில் மூன்று வீடுகள்தான் கிடைத்தன. யாரும் அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ராத்தாவின் பக்கத்தில் மகளை இருத்திவிட்டு, வீட்டுக்கு வந்து ஸ்கூட்டியை எடுத்தேன்.

முதலில் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தின் வீடு. அவருடைய மனைவி காயைப் பலகையில் வைத்துக் கத்தியை எடுத்திருந்தார். ஸலாம்கூடச் சொல்லாமல் குசினிக்குள் போய் அதைப் பறித்தேன். பாவம், அந்தப் பெண் பயந்து பின்னால் நகர்ந்துவிட்டார். மூச்சு வாங்க விசயத்தைச் சொன்னதும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்து, “யா அல்லாஹ்” என்று அப்படியே உட்கார்ந்தார்.

அடுத்து எங்கள் பாடசாலை அதிபர் வீடு. அவருடைய மனைவி வாசலுக்கு வந்தார்.

“அத மாட்டுக்கும் போடல்ல டீச்சர், குழியில வெட்டித் தாட்டுட்டம். போன கிழமை தந்ததும் ஒரே கசப்பு.”

“போன கிழமையா? நல்லா இருந்திச்சி எண்டு சொன்னீங்களே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஆசையாக் கொண்டுவந்து தந்தீங்க. எப்பிடிச் சொல்லுற?”

கல்முனைக்கு எப்படி ஓட்டிப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. தோழி படலையைத் திறந்ததும் கேட்டுவிட்டேன்.

“உண்மையச் சொல்லுங்க டீச்சர். முதல் தந்த காய் கசந்ததா?”

அவர் கண்கள் அகன்றன. “என்ன நடந்தது?”

சொன்னேன். அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினார். “ஓம் டீச்சர். வாயில வைக்கேலாத கசப்பு. சட்டியோட கொட்டினன். உங்கட மனம் நோகும் எண்டுதான்... ஐயோ, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா உங்கட அக்காவுக்கு இது வந்திருக்காதே.”

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. முதல் கிழமை வாங்கிய மற்ற இரண்டு வீட்டாரையும் அங்கிருந்தே ஃபோனில் கேட்டேன்; அவர்களும் அதையே சொன்னார்கள். முதல் நான்கு வீடுகளும் கொட்டியிருக்கின்றன. நான்கும் எனக்கு நல்ல ருசி என்று சொல்லியிருக்கின்றன. நான் அந்தப் பாராட்டுகளை ஒவ்வொன்றாகக் கணவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். கோபம் வரப் பார்த்தது. ஆனால் வரும் வழியிலேயே அது என் பக்கம் திரும்பியது. அத்தனை காய்களைப் பறித்த நான் ஒரு துண்டை வெட்டி நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. பாடம் நடத்துகிறவள் நான்.

மிச்ச வீடுகளுக்கும் போய்விட்டு வந்தேன். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் கூரையில் மிஞ்சிய ஒரு காயை வெட்டி, நகக்கண் அளவு நுனி நாக்கில் தொட்டுத் துப்பினேன். எத்தனை முறை வாய் கொப்பளித்தும் அந்தக் கசப்பு மாலை மஃரிப் தொழுகை வரைக்கும் போகவில்லை. இதை ஒரு கிளாஸ் முழுக்க என் ராத்தா குடித்திருக்கிறார். அன்றே கணவரும் நானும் கொடியை வேரோடு பிடுங்கினோம்.

ராத்தாவின் வயிறு உள்ளே புண்ணாகியிருந்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள்தான் எழுந்து உட்கார்ந்தார். நான் கட்டிலருகே நின்று, “என்னத்துக்கு ராத்தா அவ்வளவு கசப்பையும் குடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“நீ படிச்ச புள்ள. நீ தந்தா நல்லதாத்தான் இரிக்கும் எண்டு நினைச்சன்,” என்றார், சாதாரணமாக, குறை சொல்கிற தொனியே இல்லாமல். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் கஞ்சிதான் குடித்தார். மறுபடி சோறு தின்னலாம் என்று டொக்டர் சொன்ன அன்று, பிஞ்சு வெண்டிக்காயாகப் பார்த்து ஒரு கோப்பை நிறையக் கொண்டுபோனேன். வாசலிலேயே தயங்கி நின்றேன். ராத்தா கோப்பையை வாங்கி, ஒன்றை எடுத்து நுனியை முறித்து, என் வாய்க்கு நேரே நீட்டினார்.

“முதல்ல நீ தின்னு புள்ள.”

சிரிக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பச்சையாக மென்று விழுங்கினேன். விழுங்கி முடிக்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீதியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.