எல்லை தாண்டி வந்த கெளுத்தி

முதலில் அதை அடையாளம் கண்டது நான்தான். விழிதியூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுக் கோவில்பத்துக்கு வண்டியில் திரும்பும்போது, எல்லை வாய்க்கால் மதகருகே நாலைந்து பேர் கூடி நின்றார்கள். தூண்டிலில் ஒரு கெளுத்தி. கெளுத்தியா அது! என் கை நீளம், தட்டைத் தலை, முகமெல்லாம் மீசை. ஆப்பிரிக்கக் கெளுத்தி. கூட இருக்கும் மீனையெல்லாம் தின்று தீர்க்கும் என்று வளர்க்கவே தடை போட்டிருக்கிறார்கள். கண்டால் தகவல் சொல்லுங்கள் என்ற நோட்டீஸை நான் படித்திருந்தேன். படித்ததுதான் வினை.

போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்த வாய்க்கால் தண்ணீர்தான் அண்ணன் குளத்துக்குப் போகிறது. வயல் கைவிட்ட பிறகு அவர் குடும்பம் நம்பியிருந்தது அந்தக் குளத்துக் கெண்டைகளைத்தான்.

மறுநாள் எங்கள் யூனியன் பிரதேசத்து மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"எந்தக் கரைல புடிச்சாங்க?"

"தெக்குக் கரைங்க."

"அது தமிழ்நாடுங்க. அங்க சொல்லுங்க."

அங்கே சொன்னேன்.

"தண்ணி எந்தப் பக்கம் போவுது மேடம்?"

"எங்க பக்கந்தான்."

"அப்ப உங்க ஆளுங்ககிட்டயே சொல்லிடுங்க."

மீனுக்கு எந்த மாநிலத்தில் ரேஷன் கார்டு என்று கேட்கவில்லை. அந்த மட்டில் மரியாதைதான்.

குளத்து வாயில் வலை கட்டச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சினேன். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தால் எங்கள் பக்கம் குளத்து வாயை வெறுமனே திறந்துவிடுவார்கள். தண்ணீரோடு வரும் விராலும் குரவையும் ஆறு கொடுப்பது. அதை வலை கட்டித் தடுக்க யாருக்கும் மனசு வராது.

"வர்ற மீனை யாராவது வேண்டாம்பாங்களாம்மா? அவ்வளவு ஆபத்துன்னா ஆபீஸ்லேர்ந்து ஒருத்தராவது வந்திருக்க மாட்டாங்க?" என்றார் அண்ணன்.

புதுத் தண்ணீர் வந்தது. குளத்து வாயைத் திறந்துவிட்டார்.

மழை ஓய்ந்து வலை இழுத்தபோது கெண்டை கொஞ்சம்தான் வந்தது. மற்றதெல்லாம் மீசை. அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நீயே ஆபீஸுக்குச் சொல்லிடும்மா" என்றார். மறுபடி போன் செய்தேன். இந்தத் தடவை மறுநாள் காலையிலேயே ஜீப் வந்து நின்றது. குளம் அவர்கள் எல்லைக்குள் இருக்கிறதல்லவா!

"எத்தனை நாளா வளக்கிறீங்க?" என்று கேட்டார் வந்த அதிகாரி.

அண்ணனுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. "வளக்கலைங்க. தண்ணியோட வந்துச்சு."

"எல்லாரும் இப்படித்தாங்க சொல்றாங்க."

நான் பழைய போட்டோவை நீட்டினேன். எப்போது சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்று கத்தினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இது தமிழ்நாட்டுல புடிச்ச மீனுங்க. அது வேற, இது வேற" என்றார். அந்தப் போனைத் தூக்கி அவர் மேல் எறியாமல் விட்டதற்கு இன்றுவரை வருந்துகிறேன்.

இன்ஜின் வைத்துக் குளத்தை இறைத்தார்கள். கரையில் குழி வெட்டி எல்லாவற்றையும் கொட்டி பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். கெண்டையைத் தனியே பிரித்துத் தருகிறேன் என்று அண்ணன் கேட்டுப் பார்த்தார். நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். துள்ளிக்கொண்டிருந்த கெண்டைகளும் அதே குழிக்குள் போயின. ஊரில் இப்போது அண்ணனுக்குத் திருட்டு மீன் வளர்த்தவர் என்று பெயர்.

போன வாரம் மறுபடி புதுத் தண்ணீர் வந்தது. அண்ணன் போன் செய்தார்.

"வாய்க்கால்ல அதே மீனு. ரெண்டு பாத்தேன்."

"போட்டோ எடுத்தீங்களாண்ணே?" என்றேன்.

"நம்ம கொளத்துலதான் ஒண்ணும் இல்லையேம்மா. யார்கிட்டயும் சொல்லிடாத."

"சரிண்ணே" என்றேன்.