வைகை மணலில் ஒரு முடிவெட்டு

1938-ஆம் ஆண்டு ஜூன் 16, வியாழக்கிழமை, மாலை மணி ஐந்தே முக்கால். மேகம் கூடியிருந்தது, மழை இல்லை. மேல்காற்று தெருப் புழுதியை வாரி ஜன்னல் வழியாக எங்கள் மேல் இறைத்துக்கொண்டிருந்தது. மதுரை மேலமாசி வீதிக்குப் பின்னால், ஒரு தானியக் கிட்டங்கியின் மாடியில், கடைக் கணக்கர்களுக்கும் வேலை தேடுகிறவர்களுக்கும் நான் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்து வந்தேன். அன்று வந்திருந்தவர்கள் பதினொரு பேர். எனக்கு வயது முப்பத்து மூன்று. எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு அன்றும் நிம்மதி கிடையாது, இன்றும் கிடையாது.

நமக்குப் பிறர் செய்து தரும் வேலைகளை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதுதான் அன்றைய பாடம். துணியை வெளுக்கப் போட்டேன், செருப்பைத் தைக்கக் கொடுத்தேன், ஆள் வைத்துக் கூரையைச் சரிசெய்தேன், இப்படி. முன்மாதிரியாக நானே, பால்காரரில் தொடங்கி எனக்கு வேலை செய்து தரும் பதின்மூன்று பேரைச் சொல்லிக் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். பிறகு ஒவ்வொருவரும் ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டும் என்றேன்.

ஒன்பதாவதாக எழுந்தவருக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஒரு குழந்தை. பசுமலைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் படித்தவர். மற்ற பத்துப் பேரையும்விட நன்றாகப் பேசுவார். அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு நூற்பாலையின் வெள்ளைக்கார மானேஜரைப் பார்க்க வேண்டியவர். டைம்கீப்பர் வேலை, மாதம் இருபத்திரண்டு ரூபாய். அப்படிப்பட்டவர் அன்று வாயே திறக்கவில்லை.

"ஏன், உமக்கு யாரும் ஒன்றும் செய்வதில்லையா? காட்டிலா குடியிருக்கிறீர்? முடிகூடவா வெட்டிக்கொள்வதில்லை?" என்று கேட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக் கணக்கர், "அவரு தலையைப் பாத்தா எலிதான் வெட்டிவிட்ட மாதிரி இருக்கு சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வகுப்பு முடிந்து அனைவரும் இறங்கிப் போன பிறகு அவர் மட்டும் நின்றார். "சார், நான் பழங்காநத்தத்துக்கு அங்கிட்டு, ஒதுக்குப்புறத் தெரு. எங்க தெருவுக்கு வண்ணாரு வரமாட்டாரு, அம்பட்டரு வரமாட்டாரு. தண்ணி, துணி, தலை எல்லாம் நாங்களேதான். இது எங்க அண்ணே வெட்டுனது, ஆடு மயிரு கத்தரிக்கிற கத்திரி. டவுன் சலூன்ல ரெண்டு எடத்துல கேட்டேன், தெருவை விசாரிச்சுட்டு வெளிய போகச் சொல்லிட்டாக. மில்லு பெரிய குமாஸ்தா, தலையும் மொகமும் நறுவிசா இல்லாட்டி தொரை உள்ள விடமாட்டாருன்னு சொல்லி அனுப்பிருக்காரு. நீங்க சொல்லச் சொன்னது எனக்குத் தெரியும் சார். பொய் சொல்ல வேணாம்னுதான் நின்னேன்."

தீண்டாமை இருந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் வெள்ளைச் சட்டையும் நல்ல ஆங்கிலமுமாக வந்தவர் வீட்டில் அது எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்று யாரும் சவரம் செய்துகொள்ள மாட்டார்கள். அதனால் எங்கள் தெருவின் நாவிதர் வீட்டிலேயே இருப்பார் என்று தெரியும். எங்கள் தெருவில் பத்தொன்பது வீடுகள் அவருக்கு. வயது ஐம்பதை நெருங்கியவர். காலை ஆறரைக்கே போய் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சற்று நேரம் மோவாயைத் தடவினார். "வெள்ளிக்கெழமை எனக்கு வேற என்ன சோலி? வரச் சொல்லுங்க வாத்தியாரய்யா. எங்க வச்சு வெட்ட, உங்க கொல்லையிலயா?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இன்றுவரை மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "வீட்டில் வேண்டாம். ஆற்றுக்குப் போய்விடுவோம்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுவுஞ் சரித்தான். ஆத்துல தண்ணியும் இல்ல, கேக்க ஆளும் இல்ல" என்று பெட்டியை எடுத்துக்கொண்டார்.

விடிகாலையிலேயே கிட்டங்கி வாசலுக்கு வரும்படி முந்தின மாலை சொல்லியிருந்த மாணவரையும் ஆற்றுக்கு அனுப்பினேன். வைகையில் மணல்தான். ஒரு நாணல் புதர் ஓரம் இருவரும் எதிரெதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். நான் நாற்பது அடி தள்ளி, யாருக்காகவோ காத்திருப்பவன்போல நின்றேன். கத்தரிக்கோல் சத்தமும் நடுவில் இருவரும் சிரிப்பதும் காதில் விழுந்தன. முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுந்து வந்தவர் வேறு ஆள்போல இருந்தார். நாவிதருக்கு நான்தான் இரண்டணா கொடுத்தேன்.

என் கொல்லைக்கு மதில் இருந்தது. ஆற்றுக்கு இல்லை. ஊற்றில் குளித்துவிட்டுக் கரையேறிய எங்கள் தெருக் கொப்பரை வியாபாரி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நான் தள்ளி நின்றதால் என்னை மட்டும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையார் கோயில் முன்னால் தெரு கூடியது. ஆண்கள் பதினாறு பேர், நானும் ஒருவன். கொப்பரை வியாபாரி நாவிதரைப் பார்த்து, "அந்தத் தெருக்காரன் தலையில வச்ச கத்திய எங்க மொகத்துல வைக்கலாம்னு உனக்கு எவன்டா சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல சாமி. ஆத்துல உக்காந்திருந்தேன், வந்தாரு, காசு குடுத்தாரு, வெட்டுனேன். எந்தத் தெருன்னு விசாரிச்சுட்டுத்தான் கத்திய எடுக்கணும்னா, நான் முனிசிபாலிட்டி குமாஸ்தா வேலைக்குத்தான் போகணும்."

இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். "வாய் எம்புட்டு நீளுது பாத்தீகளா!" என்றார் வியாபாரி. இனி இந்தத் தெருவுக்குள் வரக் கூடாது என்று முடிவாயிற்று. 'நான்தான் சொன்னேன்' என்ற இரண்டு சொற்கள் என் தொண்டை வரை வந்தன. வாடகை வீடு, வகுப்புக்கு வரும் பதினொரு பேர், பெண்ணெடுத்த இடம் எல்லாவற்றையும் மனத்துக்குள் எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. நாவிதர் போகும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் அப்படிப் போனார் என்பது வீட்டுக்கு வந்த பிறகே எனக்கு உறைத்தது.

வேறு நாவிதரைக் கூப்பிட மனம் வரவில்லை. அவரைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. கடையில் பன்னிரண்டணாவுக்கு ஒரு ரேஸர் வாங்கினேன்.

டைம்கீப்பர் வேலை அந்த மாணவருக்குக் கிடைத்தது. ஆவணியில், இரண்டு மாதச் சம்பளம் வாங்கியபின், என்னைப் பார்க்க வந்தார். தலை அழகாக வெட்டப்பட்டிருந்தது. யார் வெட்டினார்கள் என்று கேட்டேன்.

"அவருதான் சார். உங்க தெரு விட்டதப் பாத்துட்டு மத்தத் தெருக்காரகளும் விட்டுட்டாக. புதங்கிழமை புதங்கிழமை எங்க தெருவுக்குத்தான் வாராரு. அம்பது தலை இருக்கு. காசு இருக்கிற தலை ஏழுதான். மிச்சத்துக்குக் கம்பு, சோளம்னு ஏதோ குடுக்குறோம். வாத்தியாரய்யா சௌக்கியமான்னு கேட்டாரு."

நாவிதருக்கு என்ன சொல்லி அனுப்பினேன் என்பது எனக்கு நினைவில்லை. ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை என்றுதான் அஞ்சுகிறேன். நான் போய்ப் பார்க்கவும் இல்லை. இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள முயலும்போதெல்லாம், அதைச் செய்தவர் வேறொருவர், அதற்கு எங்கள் தெருவின் பத்தொன்பது வீடுகளையும் மற்றத் தெருக்களையும் இழந்தவரும் அவரே என்பது முன்னால் வந்து நிற்கிறது. முடிவெட்டுக்கு இரண்டணா, ரேஸருக்குப் பன்னிரண்டணா: எனக்கு ஆன செலவு மொத்தம் பதினான்கு அணா.