ஏரிக்கரையில் ஒரு ஜெனரேட்டர்

மெக்கானிக்குக்கு மனிதர்களைக் கண்டாலே ஆகாது. ஜெனரேட்டரைக் கண்டால் அதைவிட ஆகாது. ஆனால் பிழைப்பு இரண்டோடும்தான். கீழே பட்டறை, மேலே வீடு. இருபத்திரண்டு வருடமாக, ரிப்பேருக்கு வந்ததையெல்லாம் ஓடவிட்டுப் பார்க்கும் சத்தத்தில் சாப்பிட்டு, அதே சத்தத்தில் மனைவியோடு சண்டையும் போட்டு முடித்தவர்.

அதற்காகத்தான் பழைய ரொட்டி வேன் ஒன்றை வாங்கி, பின்னால் பலகை அடித்து மெத்தை போட்டு, ஒற்றை அடுப்பும் ஜன்னலுக்குத் திரையும் வைத்தார். வருடத்துக்கு இரண்டே நாள். பட்டறையைப் பூட்டிவிட்டு ஏரிக்கரையில் சும்மா கிடக்க வேண்டும். எந்தச் சத்தமும் காதில் விழக் கூடாது. ஆசை அவ்வளவுதான்.

"நீங்க போறதுல எனக்கும் ரெண்டு நாள் நிம்மதி. யார்கிட்டயும் வம்பு வளர்க்காம வாங்க" என்று மனைவி வழியனுப்பினாள்.

காலையில் போய்ச் சேர்ந்தார். மதியம்வரை சொர்க்கம். அப்புறம் ஒரு பெரிய வேன் வந்தது. நூறு வண்டி நிறுத்தலாம் அந்தக் கரையில். வந்த அறிவாளிகள் அவர் கதவுக்கு ஆறடியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காலி இடத்தைக் கண்டால் சில ஜென்மங்களுக்குப் பயம் போலிருக்கிறது. தொப்பி போட்ட ஒருவன், அவன் மச்சான், இரண்டு குடும்பம். கால் மணி நேரத்தில் அவர்களுடைய துணிக்கொடியின் ஒரு முனை மெக்கானிக் வண்டியின் பக்கக் கண்ணாடியில் கட்டப்பட்டிருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் என்னாவது?

அடுத்து ஜெனரேட்டரை இறக்கினார்கள். எதற்கு? காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும் ஏரிக்கரையில் ஒரு டேபிள் ஃபேனுக்கும், பீப்பாய் அளவு ஸ்பீக்கருக்கும்.

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கேட்டார். "தம்பி, இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைக்கலாமே."

"ஒயர் பத்தாதுண்ணே" என்றான் தொப்பிக்காரன். "ரெண்டு நாள்தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

அவரிடம் இருந்ததும் அந்த இரண்டு நாள்தான். வண்டிக்குள் வந்து திரையை இழுத்துவிட்டுப் படுத்தார். பாட்டைக்கூடப் பொறுத்திருப்பார். ஜெனரேட்டர் சீராக ஓடவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாகத் திணறியது. கார்புரேட்டரில் அடைப்பு. சுத்தம் செய்து வருடக்கணக்காகியிருக்கும். இவர்கள் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறதே.

நாலு மணிக்கு அது விக்கி நின்றது. பாட்டும் நின்றது. கரையில் அலை தட்டுவது அவருக்குக் கேட்டது. மெக்கானிக் கண்ணை மூடினார். வாழ்க்கையில் இத்தனை நல்ல நிமிடம் அவருக்கு வாய்த்ததில்லை.

மச்சான் கயிற்றை இழுத்தான். இழுத்தான், இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான். இழு ராஜா, உன் தோள் கழன்று போகட்டும் என்று மனதார வாழ்த்தியபடி திரையை விலக்கிப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. தொப்பிக்காரன் கட்டிங் பிளையரை எடுத்து ஸ்பார்க் பிளக்கை நெரித்துக்கொண்டிருந்தான்.

கட்டிங் பிளையர்! மெக்கானிக்குக்கு உச்சந்தலை சூடேறியது. எப்போது எழுந்தார், சீட்டுக்கு அடியிலிருந்து எப்போது ஸ்பேனரை எடுத்தார் என்பது அவருக்கே தெரியாது.

"தள்ளுடா அந்தாண்ட. அதை எதால கழட்டறதுன்னு தெரியாது, இவரு ஜெனரேட்டர் வச்சிருக்காரு."

திட்டிக்கொண்டே பிளக்கைக் கழற்றித் துடைத்தார். கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வரும் ஜெட் துளையை ஊதி, அழுக்கை வழித்து எறிந்தார். மாட்டி ஒரே இழுப்பு. பிசிறில்லாமல் ஓடியது. தலையைச் சாய்த்துக் கேட்டு, திருகைக் கால் சுற்று குறைத்தார். இன்னும் அருமை. திருப்தியாக நிமிர்ந்தபோது ஸ்பீக்கர் அவர் காதுக்கு நேரே அலறியது.

"புதுசுல கூட இப்படி ஓடலைண்ணே" என்று தொப்பிக்காரன் கத்தினான். "இனி ரெண்டு நாளும் நிக்காதுல்ல?"

"நிக்காது" என்றார் மெக்கானிக். தொழிலில் அவர் பொய் சொன்னதில்லை.

கண்ணாடியிலிருந்து கொடியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார். மனைவி கதவைத் திறந்தாள்.

"ரெண்டு நாள்னு சொன்னீங்க?"

"ஒரே ஜெனரேட்டர் சத்தம். மனுஷன் இருப்பானா அங்க?"

பையை வாங்கப் போனவள் அவர் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். பெட்ரோல் வாடை.

"யாரு ரிப்பேர் பண்ணிக் குடுத்தா?" என்றாள்.

மெக்கானிக் கை கழுவப் போனார்.