நடவுக்குக் கழற்றிய பூட்ஸ்

மலர்க்கொடியின் இரண்டு கையும் சேற்றுக்குள் இருந்தன. ஒரு பிடி வண்டலைப் பிசைந்தால் பாதி மண், பாதி குப்பை. குழந்தைக்குக் கட்டிக் கழற்றிய டயப்பர், சலூன் முடி, ஆஸ்பத்திரி ஊசி. ஏரியில் தூர்வாரிய மண்ணைக் கரையோரப் பள்ளத்தில் பரப்பி, ஏரி நிறைந்தால் ஒரு சாண் மட்டும் மூழ்கும்படி திட்டாக்கிக் கோரை நடும் வேலை. பறவை அடையும், கரை அரிக்காது என்றார்கள். மண்ணோடு டவுன் சாக்கடையும் வருமென்று யாரும் சொல்லவில்லை.

பதினோரு வருஷம் திருச்சியில் நோயாளி பார்க்கும் வேலையில் இருந்து, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் அவள். அதில் அருவருத்ததில்லை, நோயாளி வேண்டுமென்றா செய்கிறார்? இது வேண்டுமென்றே கொட்டியது.

கவலை மூத்த ஓரகத்தி சுந்தராம்பாள் மேல்தான். சர்க்கரையில் போன வருஷம் இடது கால் கட்டைவிரலை எடுத்தாயிற்று. பாதத்தில் உணர்ச்சியும் இல்லை. இன்னொரு புண் வந்தால் காலே போகும் என்றிருந்தார் டாக்டர். அதனால் மலர்க்கொடி அவளுக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிவிட்டிருந்தாள்.

மத்தியானம் மேஸ்திரி தமிழழகன் திட்டில் சூடம் ஏற்றினான். முதல் நாற்றுக்கு மூத்தவளைக் கூப்பிட்டார்கள். சுந்தராம்பாள் கரையில் உட்கார்ந்து பூட்ஸை இழுத்துக் கழற்றினாள்.

"என்னக்கா பண்ற?"

"நடவு மண்ணுடி. செருப்புக் காலோட மிதிக்கச் சொல்றியா?"

மற்ற பெண்களும் செருப்பை வரிசையாக விட்டுவிட்டு இறங்கினார்கள். நெல் வயலுக்குச் சரி. இந்தப் பீச்சேற்றுக்கு என்ன மரியாதை என்று மலர்க்கொடி கேட்டாள். நர்ஸம்மா ஆரம்பிச்சுட்டாங்க என்று தமிழழகன் சிரித்தான்.

சாயங்காலம் கால் கழுவும்போது சுந்தராம்பாளின் குதிகாலில் ஊசிமுனை ஒடிந்து நின்றது. அவளுக்குத் தெரியவேயில்லை; எத்தனை நாற்று நட்டேன் தெரியுமா என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

"கும்பிட்டியே, மண்ணு என்ன குடுத்திருக்கு பாரு" என்றாள் மலர்க்கொடி.

பிதுக்காமல், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி, அடுத்த பஸ்ஸில் அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். முனையை எடுத்துவிட்டு, அவளைப் படுக்கவைத்துக்கொண்டார்கள். கால் தப்புமா என்பது ஒரு வாரம் போனால்தான் தெரியுமாம்.

மறுநாள் காலை மலர்க்கொடி சுந்தராம்பாளின் பூட்ஸைத் தன் காலில் மாட்டிக்கொண்டு, நேற்றைய பூவும் சூடக்கரியும் கிடந்த திட்டின்மேல் நடந்தாள். நட்ட கோரையைப் பிடுங்கி, திரும்ப நடுவதற்காக ஈரச்சாக்கில் வைத்தாள். இரும்பு வாரியால் மண்ணை வாரினாள். நட்டதைப் பிடுங்கினால் விளங்காது என்றான் தமிழழகன். பெயின்ட் டப்பாவில் பத்தொன்பது ஊசி சேர்ந்ததும் அதை அவன் முன்னால் வைத்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு நீ வந்து நடு."

பெண்கள் கரைக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.